கஞ்சியும் குண்டூசியும் தாங்கிய உடை: 1600ஆம் ஆண்டு ஐரோப்பாவின் ஆடைச் சொற்களைப் படிப்பது எப்படி

1600ஆம் ஆண்டை ஒட்டிய ஆங்கிலேய வீட்டு உடைமைப் பட்டியலைப் படிக்க உட்காருகிறவர் முதல் பக்கத்திலேயே விழிப்பார். 'கைகள், ஒரு ஜோடி' என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கைகளுக்கு உரிய சட்டை எங்கும் இருக்காது. கீழே 'உடல்கள், ஒரு ஜோடி' என்றும் 'முனைகள், ஒரு டஜன்' என்றும் வரும். எழுதியவர் பிழை செய்யவில்லை. கைகள் என்பவை கழற்றி மாட்டும் சட்டைக்கைகள். உடல்கள் என்பது மார்பை இறுக்கிப் பிடிக்கும் மேலுடுப்பின் இரு பாதிகள். முனை என்பது நுனிகளில் உலோகம் பொதிந்த கட்டுக்கயிறு.

அகராதியைத் திறந்தால் இவற்றுக்கு விளக்கம் கிடைக்கும்தான். 'ரஃப்' என்றால் மடிப்பு வைத்த கழுத்துப்பட்டை, 'ஃபார்திங்கேல்' என்றால் பாவாடையை விரித்துக் காட்டும் வளையம். இவை ஓவியத்தைப் பார்த்துச் சொன்ன விளக்கங்கள். உடுத்தியவருக்கும் உடுத்திவிட்ட பணிப்பெண்ணுக்கும் அந்தச் சொல்லின் பொருள் வேறு இடத்தில் இருந்தது: இது எதோடு, எதனால் பிணைகிறது? அந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்தச் சொற்களில் பாதி புரியாது. சுமார் 1550 முதல் 1630 வரை மேற்கு ஐரோப்பிய மேட்டுக்குடி உடை என்பது தைத்து முடித்த ஒரு பொருள் அல்ல. தினமும் காலையில் உடம்பின்மேல் வைத்துப் பூட்டி, இரவில் பிரித்து வைக்கும் பாகங்களின் தொகுதி.

பாகம் பாகமாக வைத்ததற்கு முதல் காரணம் சலவை. வெல்வெட், கம்பளி, சரிகை பின்னிய பட்டு ஆகியவை தண்ணீரையே பார்ப்பதில்லை. பிரஷ்ஷால் தட்டித் துடைப்பதோடு சரி. தோலை ஒட்டி இருந்த லினன் துணி மட்டும் வெளுக்கப் போகும். நம் ஊர் வெள்ளாவியைப் போல அங்கும் ஒரு முறை உண்டு: தொட்டியில் துணியை அடுக்கி, மரச்சாம்பலில் ஊறிய காரநீரைத் திரும்பத் திரும்ப மேலே ஊற்றி வடிய விடுவார்கள். இந்தக் காரம் சாயம் போட்ட பட்டில் பட்டால் பட்டு போய்விடும். ஆகவே அழுக்கு சேரும் கழுத்தும் மணிக்கட்டும் தனித் துண்டுகளாக இருந்தாக வேண்டும்.

ரஃப் பிறந்த கதையும் அதுதான். 1550களில் அது உள்சட்டையின் கழுத்தில் நாடா இழுத்தால் எழும் சிறு சுருக்கம், அவ்வளவே. அந்தச் சுருக்கத்தைச் சட்டையிலிருந்து பிரித்துத் தனிப்பட்டியில் தைத்த பிறகு அதற்கு எல்லையே இல்லாமல் போயிற்று. சட்டையைக் கழற்றாமலே கழுத்தை மட்டும் மாற்றலாம். தனியே வெளுக்கலாம், தனியே கஞ்சி போடலாம், தனிப்பெட்டியில் வைக்கலாம். அன்றைய ஆங்கிலத்தில் கழுத்தணி எதற்கும் பொதுப்பெயர் 'பேண்ட்'. மடிப்பு வைத்தது 'ரஃப் பேண்ட்', தோளில் மடிந்து விழுவது 'ஃபாலிங் பேண்ட்', கட்டும் கயிறு 'பேண்ட் ஸ்ட்ரிங்', வைக்கும் பெட்டி 'பேண்ட்பாக்ஸ்'. பழைய நாடகத்தில் ஒருவர் தன் பேண்டைக் கேட்டால் கால்சட்டையைக் கேட்கிறார் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

மற்ற மொழிகள் இதைப் பார்த்த விதம் வேடிக்கையானது. ஸ்பானியருக்கு இது 'லெச்சுகியா', அதாவது சின்ன லெட்யூஸ் கீரை. பிரெஞ்சில் 'ஃப்ரேஸ்', கன்றின் குடலைச் சுற்றியிருக்கும் மடிப்புச் சவ்வுக்கும் அதே பெயர். டச்சுக்காரர் பெரிய வகையைத் திரிகைக்கல் கழுத்து என்கிறார்கள். தமிழில் எழுதும்போது 'கழுத்துச் சுருக்கு' என்று புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட ரஃப் என்றே விடுவது மேல். சுருக்கு என்ற சொல்லுக்குத் தூக்குக்கயிறும் நினைவுக்கு வந்துவிடும்.

ஒரு ரஃப் எப்படி நிற்கிறது

கழுத்துப்பட்டி 40 செ.மீ., அதில் ஏற்ற வேண்டிய துணி 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பட்டியின் ஒவ்வொரு செ.மீ.க்குள்ளும் 15 செ.மீ. துணி அடைபட வேண்டும். தடித்த துணியில் இது நடக்காது. அதனால்தான் ரஃப் என்றாலே 'கேம்ப்ரிக்', 'லான்' என்ற இரு மெல்லிய லினன்களின் பெயர்கள் கூடவே வரும். கேம்ப்ரிக் என்ற பெயர் கம்ப்ரே என்ற ஊரிலிருந்து வந்தது. லான் அநேகமாக லான் என்ற பிரெஞ்சு ஊரின் பெயரேதான்.

துணியை நீண்ட கீற்றுகளாக வெட்ட வேண்டும். கத்தரியை நம்பக் கூடாது. நெசவில் ஓர் இழையை உருவி எடுத்து, அது விட்ட கோட்டின்மேல் வெட்டினால்தான் கீற்று நேராக வரும். ஓரம் கோணினால் பின்னால் கஞ்சி போட்டதும் அந்த இடம் முறுக்கிக்கொள்ளும். கீற்றுகளை நுண்தையலால் இணைத்து, வெளிவிளிம்பை விரல் நுனியில் சுருட்டி மடித்துத் தைப்பார்கள். உள்விளிம்பில் இரண்டு மூன்று வரிசை ஓட்டுத்தையல். வரிசைக்கு வரிசை தையல் நேருக்கு நேர் அமைய வேண்டும். நூலை இழுத்தால் துணி புடவைக் கொசுவம்போல ஒரே அளவு மடிப்புகளாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு மடிப்பின் முதுகையும் தனித்தனியே பட்டியோடு தைக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கண் மதிப்பில் தையல் போட்டால் மடிப்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். முகவாய்க்குக் கீழே ரஃப் வாய் பிளந்து நிற்கும். முன்கூட்டியே சம இடைவெளியில் புள்ளி வைத்துக்கொள்வது ஒன்றே வழி.

தைத்து முடித்த ரஃப் பார்ப்பதற்கு நனைந்த கைக்குட்டைக் குவியல்போல் தொங்கும். அதைத் தூக்கி நிறுத்துவது தையல் அல்ல, கஞ்சி. ஆகவே ரஃபின் வரலாறு பெரும்பாலும் சலவைக்காரியின் வரலாறு. 1564இல் ஃபிளாண்டர்ஸிலிருந்து (இன்றைய பெல்ஜியப் பகுதி) லண்டன் வந்த டிங்கன் வான் டெர் பிளாசே என்ற பெண் கஞ்சி போடும் கலையைக் கற்றுத்தரத் தொடங்கினார். கட்டணம் நான்கு ஐந்து பவுண்டு. கஞ்சி காய்ச்சும் முறைக்குத் தனியே 20 ஷில்லிங். தேர்ந்த கைவினைஞரின் நாள்கூலி ஒரு ஷில்லிங்கை ஒட்டி இருந்த காலம் அது. ஐந்து பவுண்டு என்றால் நூறு ஷில்லிங், நூறு நாள் உழைப்பு. முதலாம் எலிசபெத் அரசியின் ரஃபுகளுக்குக் கஞ்சி போட்டவரும் ஒரு டச்சுப் பெண்தான், அரசியின் வண்டியோட்டியின் மனைவி. இந்தத் தொழிலை ஆங்கிலேயர் இரவல் வாங்கினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

சோற்றுக்கஞ்சியை வடித்து வேட்டியை நனைத்துப் பழகிய நமக்கு இது எளிதாகத் தோன்றும். அங்கே அரிசி இல்லை. கோதுமையையோ தவிட்டையோ நாட்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டி, அடியில் படியும் வெள்ளை மாவை, அதாவது ஸ்டார்ச்சை, உலர்த்தி வைப்பார்கள். உணவுத் தானியம் கழுத்துக்குப் போகிறதே என்ற கோபம் அன்றே இருந்தது. ஸ்டார்ச் தயாரிப்புக்கு 1588இல் அரசு ஏகபோக உரிமை வழங்கியது. 1590களின் நடுவில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்தபோது கஞ்சி ஒரு அரசியல் பிரச்சினையாகவே ஆயிற்று. 1601 நாடாளுமன்றத்தில் ஏகபோகங்களுக்கு எதிராக வெடித்த குமுறலில் ஸ்டார்ச்சும் ஒன்று.

தானியத்துக்கு மாற்றாக ஒரு காட்டுக்கிழங்கு இருந்தது. இங்கிலாந்தின் வேலியோரங்களில் வளரும், நம் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த 'குக்கூ பின்ட்' செடியின் கிழங்கு. மூலிகையாளர் ஜான் ஜெரார்ட் 1597இல் எழுதிய செடிநூலில், மிகத் தூய வெண்மையான ஸ்டார்ச் இதிலிருந்துதான் கிடைக்கிறது என்கிறார். கூடவே, இதைக் கையாளும் சலவைக்காரியின் கை வெடித்துக் கொப்புளித்துச் சொரசொரத்து எரியும் என்றும் சொல்கிறார். பச்சைச் சேம்பு நாக்கை அரிக்கும் அதே காரணம்: ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் ஏறுகின்றன. ஓவியத்தில் பளீரென்று தெரியும் வெண்மைக்குப் பின்னால் இந்தக் கைகள் இருந்தன.

கஞ்சி போடும் முறை இது. ஸ்டார்ச்சை முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். பிறகு கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறிக் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்ச வேண்டும். இன்று செய்து பார்ப்பவர் லிட்டருக்கு 60 கிராமில் தொடங்கி, துண்டுத்துணியில் சோதித்து ஏற்றிக்கொள்ளலாம். ரஃபை முக்கி, கஞ்சி இழைக்குள் இறங்கும்படி தேய்த்துப் பிழிந்து, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் படபடவென்று தட்ட வேண்டும். நெசவுக் கண்களில் அடைத்த பசை இப்படித் தட்டும்போது தெறித்துப் போகும். தட்டாமல் விட்டால் துணி வெளிச்சம் புகாத தாள்போலாகி, அசையும்போது செதில் செதிலாக உதிரும். கஞ்சி மிகையானால் இன்னொரு கேடும் உண்டு: மடிப்பின் விளிம்பில் இழையே ஒடிந்துவிடும். குறைந்தால் மதியத்துக்குள் தொங்கும்.

காய்ந்த துணியை லேசாக ஈரம் தெளித்து வைத்துக்கொண்டு, மடிப்புகளை உருவாக்குவது அடுத்த வேலை. இதற்குரிய கருவிக்கு முதலில் 'செட்டிங் ஸ்டிக்' என்று பெயர். மரம் அல்லது எலும்பில் செய்த குச்சி. 1574 வாக்கில் எஃகினால் ஆன 'போக்கிங் ஸ்டிக்' வந்தது. அதை நெருப்பில் காய்ச்சி, ஈர மடிப்புக்குள் செருகிப் பிடித்தால் துணி அதைச் சுற்றிக் குழாயாக உலரும். மேலே ஒன்று, கீழே ஒன்று என மாற்றி மாற்றிச் செருகினால் விளிம்பு '8' வடிவமாக வளையும். முழு வளைவு ஒன்றுக்கு 6 செ.மீ. விளிம்பு போனால் 6 மீட்டர் ரஃபில் 100 வளைவுகள். குச்சி 200 முறை காய வேண்டும், 200 முறை செருகப்பட வேண்டும். சூடு அதிகமானால் ஒரே நொடியில் பழுப்புத் தழும்பு விழும். அது வெளுத்தாலும் போகாது, முழுக்கீற்றும் வீண். ஈரத்துணியில் தொட்டுப் பார்த்துவிட்டே செருக வேண்டும். அடுத்த வளைவைச் செய்யும்போது முந்தையது கலையாமல் இருக்க, தொட்டுக்கொள்ளும் இடங்களைக் குண்டூசியால் அல்லது ஒரு துளி மெழுகால் பிடித்து வைப்பார்கள். ஈரத்தில் நின்ற ஊசி துருப் புள்ளி வைத்துவிடும் என்பதும் ஒரு தலைவலி.

இத்தனையும் ஒரு மழைக்குத் தாங்காது. நனைந்ததும் மொத்தமும் கந்தலாகத் தொங்கும் என்று ஃபிலிப் ஸ்டப்ஸ் என்ற ஒழுக்கவாதி 1583இல் எக்காளமிட்டார். கஞ்சியைச் சாத்தானின் திரவம் என்றவர் அவர். கால் கெஜ ஆழ ரஃபுகள் உண்டு என்று அவர் தரும் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். திட்டுகிறவர் அளவுகோலை நீட்டித்தான் பிடிப்பார். ஆனால் பாகங்களின் பெயர்களுக்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை. வெறுத்தவர் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். பெரிய ரஃபைக் கீழிருந்து தாங்கும் கம்பிச் சட்டத்துக்கு 'சப்போர்ட்டாஸ்' அல்லது 'அண்டர்ப்ராப்பர்' என்று பெயர், கம்பியின்மேல் தங்க, வெள்ளி, பட்டு நூல் சுற்றியிருக்கும் என்று அவர்தான் எழுதிவைத்தார்.

ஆழத்துக்குச் சட்டமும் இருந்தது. லண்டன் நகர வாயில்களில் ஆட்களை நிறுத்தி, ஒரு 'நெயில்' ஆழத்துக்கு மேற்பட்ட ரஃபுகளை வெட்டவும், ஒரு கெஜத்துக்கு மேல் நீண்ட வாட்களின் முனையை ஒடிக்கவும் எலிசபெத் ஆணையிட்டதாக அக்கால வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. நெயில் என்றால் இங்கே ஆணி அல்ல. கெஜத்தில் பதினாறில் ஒரு பங்கு, 2¼ அங்குலம், அதாவது 5.7 செ.மீ. இது தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தில் ஆணி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

தாங்கிகளில் இன்னொன்று 'பிக்கடில்'. முதலில் அது கழுத்து, தோள், இடுப்பு விளிம்புகளில் வெட்டு வெட்டாக வைத்த ஓரத்துண்டு. வெட்டிய, குத்திய என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. பிறகு, அட்டையும் விறைப்பும் வைத்துப் பட்டால் மூடிய கழுத்துத் தாங்கிக்கே அந்தப் பெயர் நின்றது. ராபர்ட் பேக்கர் என்ற லண்டன் தையல்காரர் இவற்றை விற்றுப் பணம் சேர்த்து, 1612 வாக்கில் நகருக்கு மேற்கே நிலம் வாங்கி வீடு கட்டினார். ஊரார் கேலியாக அதை 'பிக்கடில்லி ஹால்' என்றார்கள். பொருள் போய்விட்டது, கேலி இன்று லண்டனின் பெருந்தெருவாக இருக்கிறது.

கஞ்சிக்கு நிறமும் உண்டு. குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் கஞ்சி முதலாம் ஜேம்ஸ் காலத்தில் நாகரிகத்தின் உச்சம். அதோடு சேர்ந்து பேசப்பட்ட பெயர் ஆன் டர்னர் என்ற பெண்ணுடையது. சர் தாமஸ் ஓவர்பரியை 1613இல் லண்டன் கோபுரச் சிறையில் நஞ்சிட்டுக் கொன்ற சதியில் பங்குண்டு என்று 1615 நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார். மஞ்சள் ரஃப் அணிந்தே தூக்குமேடை ஏற வேண்டும் என்று நீதிபதி சொன்னதாகவும் அன்றோடு அந்த நாகரிகம் செத்ததாகவும் ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. மஞ்சள் கழுத்து அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் திட்டு வாங்கியிருக்கிறது, ஆகவே கதையின் இரண்டாம் பாதியை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ரஃப் செத்தது ஊருக்கு ஒரு விதமாக. ஸ்பெயினில் நான்காம் ஃபெலிப்பே 1623இல் சட்டம் போட்டே தடுத்தார். அந்த இடத்துக்கு 'கொலியா' வந்தது: துணி போர்த்திய அட்டைத் தாங்கி, மேலே மடிப்பில்லாத வெள்ளைத்துணி. செலவு குறைவு, சலவை குறைவு. இங்கிலாந்தில் அதே பத்தாண்டில் கழுத்து தானாகவே தோளில் சாய்ந்தது. டச்சு வணிகர் வீடுகளில்தான் திரிகைக்கல் கழுத்து 1630களைத் தாண்டியும் விறைத்து நின்றது. உண்மையான பழைய ரஃப் இன்று மிக அரிது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் லூதரன் குருமார் அங்கியில் இன்றும் வெள்ளை ரஃப் உண்டு; 'குழாய்க் கழுத்து' என்பது அதன் டேனிஷ் பெயர். குச்சி செய்த வேலையை அந்தப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முனையால் பெயர் பெற்ற கயிறு

கழுத்துக்குக் கஞ்சி என்றால் இடுப்புக்கு 'பாயின்ட்', அதாவது முதலில் சொன்ன முனைக்கயிறு. ஆணின் மேலுடுப்பு 'டப்லெட்', கால்சட்டை 'ஹோஸ்'. ஹோஸ் என்ற சொல் இன்று காலுறையைக் குறிக்கிறது, அன்று இடுப்பிலிருந்து இறங்கும் உடுப்புக்கும் அதுவே பெயர். இரண்டிலும் விளிம்பு நெடுகக் கண்கள், அதாவது கயிறு நுழையும் துளைகள், இருக்கும். பாயின்ட் கயிறுகளை ஜோடிக் கண்களில் கோத்து முடிச்சிட்டால் மேலும் கீழும் ஒன்றாகும். பெல்ட் எதையும் தாங்கவில்லை. அது வாளுக்கும் பணப்பைக்கும்தான். முதுகுப்பக்க முடிச்சுகளுக்குத் தன் கை எட்டாது, ஆகவே ஆள் வைத்திருப்பவரின் உடை என்பது இடுப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கயிறு பட்டாகவோ லினனாகவோ தோலாகவோ இருக்கும். பெரும்பாலும் விரல்களில் ஐந்து கண்ணிகளை மாட்டி மாற்றி மாற்றிப் பின்னியது. நுனியில் பித்தளைத் தகட்டைச் சுருட்டி இறுக்கிய குப்பி. பெயர் 'ஆக்லெட்', சிறு ஊசி என்ற பிரெஞ்சுச் சொல்லின் மருவல். அது கழன்றால் கயிறு பிரிந்து கண்ணுக்குள் நுழையாது. நம் ஷூ லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுக்கும் இன்றுவரை ஆக்லெட் என்றுதான் பெயர். கேட்டால் பலருக்குத் தெரியாது, அவ்வளவே.

கண் எடுப்பதில் ஒரு நுட்பம். துணியை வெட்டக் கூடாது. கூர்நுனிக் குத்தூசியால் இழைகளை விலக்கி ஓட்டையை அகட்டி, சுற்றிலும் நூலால் நெருக்கமாகத் தைக்க வேண்டும். இழை அறாமல் இருப்பதால் இழுவிசையை முழுத்துணியும் வாங்கிக்கொள்ளும். இன்று நாடக உடை தைப்பவர்கள் நேரம் மிச்சம் என்று ஓட்டை வெட்டி உலோக வளையம் அடிக்கிறார்கள். பத்து முறை இறுக்கிக் கட்டினால் இழுப்பு மிகுந்த இடத்து வளையம் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு, ஆகவே பார்ப்பதற்கும் பொய்.

பெண்ணின் மேலுடுப்பிலும் இதே கண்கள், ஆனால் கட்டும் முறை வேறு. ஒரே கயிறு, ஒரு நுனியில் தொடங்கிச் சுருளாக ஏறும். அதற்காக இரு பக்கக் கண்களும் நேருக்கு நேர் இல்லாமல் அரை இடைவெளி தள்ளி இருக்கும். தள்ளி வைக்காமல் சுருளாகக் கட்டினால் ஒரு பக்கம் மேலேறி விளிம்பு கோணும். இன்றைய வழக்கப்படி பெருக்கல் குறிபோல் இரு நுனியால் கட்டியிருக்கும் 'எலிசபெத் கால உடை' எதையும் சந்தேகிக்கலாம்.

அந்த மேலுடுப்புதான் முதலில் சொன்ன ஜோடி உடல்கள், ஆங்கிலத்தில் 'பேர் ஆஃப் பாடீஸ்'. முன்னும் பின்னுமோ பக்கவாட்டிலோ கயிற்றால் இணையும் பாதிகள் என்பதால் பன்மை. பாதிகள் ஒன்றாகிய பின் அந்தப் பன்மையே திரிந்து 'பாடிஸ்' என்ற ஒருமைச்சொல் ஆயிற்று. விறைப்புக்கு நாணல் அல்லது 'திமிங்கில எலும்பு'. அது எலும்பே அல்ல. திமிங்கிலம் வாயில் இரையை வடிகட்டும் சல்லடைத் தகடு, நம் நகத்தின் பொருள். சூடுபட்டால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். 1603இல் எலிசபெத்தின் இறுதி ஊர்வலச் சிலைக்கு அணிவித்த இத்தகைய மேலுடுப்பு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. நடுமார்பில் செருகும் மரச்சட்டத்துக்கு 'பஸ்க்', சுமார் ஓரடி நீளம். அதன் கீழ்நுனியை ஒரு சிறு கயிற்றால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது மேலேறித் தொண்டையை முட்டும். அந்தக் கயிறு 'பஸ்க் பாயின்ட்'; காதலர்கள் நினைவுப்பொருளாகக் கேட்டு வாங்கியது.

ஃபார்திங்கேலின் மூலம் ஸ்பானிய 'வெர்துகாதோ'. வெர்துகோ என்றால் பச்சைக்கொம்பு. பாவாடையில் மடிப்புத் தைத்து அதற்குள் வளைகுச்சியோ கயிறோ செருகுவார்கள். மாட்ரித்தில் 1580இல் வெளிவந்த ஹுவான் தே அல்செகாவின் தையல் நூல் இதற்குத் துணி வெட்டும் படமே தருகிறது. 1590களின் பிரெஞ்சு வகை சக்கரம்போல இடுப்பில் கிடையாக விரியும். மேல்பாவாடை அந்தச் சக்கரத்தின் விளிம்புவரை போய் விழும்போது மிகுந்து நிற்கும் நீளத்தை மடித்து, ஒவ்வொரு முறையும் குண்டூசி குத்தித்தான் ஒழுங்கு செய்தார்கள். எலிசபெத்தின் கணக்குகளில் 'ஃபார்திங்கேல் ஊசி', 'வெல்வெட் ஊசி', 'தலை ஊசி' என்று வகைபிரித்துப் பல்லாயிரக்கணக்கில் குண்டூசி வாங்கியிருப்பதன் காரணம் இது. தைத்தால் ஒரு தடவை, குத்தினால் தினம்.

உடையை உப்பவைக்கத் திணித்த பஞ்சுக்கு 'பாம்பாஸ்ட்'. பஞ்சோடு கம்பளித்தூள், குதிரைமயிர், தவிடு எதுவும் சேரும். பட்டாணி நெற்றுபோல வயிறு முன்தள்ளிய டப்லெட்டில் நான்கு முதல் ஆறு பவுண்டு, அதாவது 1.8 முதல் 2.7 கிலோ, பாம்பாஸ்ட் திணிக்கிறார்கள் என்பது மறுபடியும் ஸ்டப்ஸின் கணக்கு. தவிடு வைத்தவர்கள் ஆணி எதிலும் மாட்டாமல் நடக்க வேண்டும். கிழிந்தால் வழியெல்லாம் கொட்டும். இந்தச் சொல் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வெற்று ஆரவாரப் பேச்சுக்குப் பெயராகிவிட்டது. மொழியை 'ஜிகினா' என்று நாம் பழிக்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

பாயின்டுக்கு முடிவு 1620களில் வந்தது. கால்சட்டையில் தைத்த கொக்கிகள் டப்லெட்டுக்குள் மறைவாக இருக்கும் வளையங்களில் மாட்டிக்கொண்டன. கயிறுகள் உடனே போய்விடவில்லை. எதையும் கட்டாமல், இடுப்பைச் சுற்றி வெறும் பூமுடிச்சுகளாகச் சில காலம் தொங்கின. அந்தக் கால ஓவியங்களில் இடுப்பில் தெரியும் வரிசை ரிப்பன்கள் பெரும்பாலும் அவைதான். வேலை போன பிறகு சொல் இன்னும் கொஞ்ச நாள் தங்கியது.

கடல் தாண்டி வந்தவை

இதே நூற்றாண்டுகளில் ஐரோப்பிய ஆடைச்சொற்கள் தமிழுக்கும் ஏறின, போர்த்துக்கீசியக் கப்பல்களில். இலங்கைத் தமிழில் அவை இன்றும் அன்றாடப் பேச்சு: காலணி சப்பாத்து, அது 'சபாத்து' என்ற போர்த்துக்கீசியச் சொல்லே. காலுறை மேசு, மூலம் மெய்யாஸ். கைக்குட்டை லேஞ்சி, மூலம் லென்சு. லேஸ் பின்னல் ரேந்தை, மூலம் ரெண்டா. கால்சட்டையைக் களுசான் என்பது, டப்லெட்டில் பாயின்ட் கட்டித் தொங்கிய அதே காலத்துக் கால்சாவ். எதிர்த்திசையில் போனவையும் உண்டு. கள்ளிக்கோட்டை 'காலிகோ' ஆகித் துணிக்குப் பெயரானது. நம் கஞ்சி போர்த்துக்கீசியத்தில் 'கான்ஜா' என்ற சாறானது, ஆங்கிலத்தில் 'கான்ஜி' ஆனது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் துணிக்குப் போடும் விறைப்புக்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

வந்த சொற்களில் கவனிக்க வேண்டியது பூட்டும் பொருள்தான். பாயின்டுக்கோ பஸ்கிற்கோ தமிழில் சொல் இல்லை. வந்தது பொத்தான், போர்த்துக்கீசிய 'பொத்தாவ்'. அதோடு பொத்தான் நுழையும் துளையும் வந்தது. தையற்கடையில் 'காஜா எடுக்கக் கொடுத்திருக்கு, நாளைக்கு வாங்க' என்கிறார்களே, அந்தக் காஜா 'காசா' என்ற போர்த்துக்கீசியச் சொல். அந்த மொழியில் காசா என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் துளைக்கும் அதே பெயர்.